பால்மரத்துக்கு ஒரு நாள் ஓய்வு

இந்த மாதப் பாடம் நம் அமைப்பில் உள்ள இளம் ஆசிரியர்களுக்கு. மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டில் அக்காவோ அண்ணியோ பள்ளியில் படிப்பித்தால், ராத்திரி பத்து மணிக்கும் அவர் ஏன் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டியதுதான்.

ஆசிரியரின் மனநலம், தாங்கும் திறன் என்று தொடங்கினாலே பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் நம் கோலா கங்சாரில் நிற்கும் ஒரு மரத்திலிருந்து தொடங்குகிறேன். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அவற்றில் 9 கோலா கங்சாருக்கு வந்து சேர்ந்தன. அப்போது பேராவின் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்தக் காலத்து மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகளைக் கடல் தாண்டிக் கூட்டி வந்தது இந்த மரம்தான் என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

பால்மரம் வெட்டிய பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள்: மரத்தை எப்படிக் கெடுக்காமல் வெட்டினீர்கள்? உடனே சொல்வார்கள், "கட்டையைத் தொடக்கூடாது." பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உள்பக்கம் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டி, மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. கத்தி அதைத் தொடாமல் நின்றால், வெட்டிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப் பட்டை வளரும், மறுபடி வெட்டலாம். கத்தி உள்ளே இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், பிறகு அங்கே வெட்ட முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஓய்வு கொடுக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தால் மரத்துக்குப் பட்டை வறட்சி வரும். வெட்டினால் பால் வராது, வெட்டுவாய் பழுப்பாகக் காய்ந்து கிடக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், வறட்சி வருவதற்கு முன்னால் சில மரங்களில் பால் வழக்கத்தைவிட அதிகமாக ஒழுகும். ஆனால் அது தண்ணீர்ப் பால். தெரியாதவர் பார்த்தால் "ஆகா, நல்ல மரம்" என்பார்.

நம் பள்ளிகளில் இப்படிப்பட்ட நல்ல மரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த வேலை கொடுத்தாலும் "சரிங்க சார்" என்று வாங்கிக்கொள்ளும் ஆசிரியை. விளையாட்டுப் போட்டி, பாடநூல் கோப்பு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பு, பொங்கல் விழா மேடை அலங்காரம், எல்லாம் அவரிடம். விருதும் அவருக்குத்தான் கிடைக்கும். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் வகுப்பில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார், முன்கூட்டியே ஓய்வு பெற எத்தனை வயது ஆக வேண்டும் என்று விசாரிக்கிறார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. நடைமுறைக்கு வந்தது 2022-இல். பணிச்சோர்வு என்பது வேலையிடத்து அழுத்தம் நெடுநாள் சரியாகக் கையாளப்படாமல் போனதால் வருவது. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி அதன் மேலேயே கசப்பு கொள்ளுதல், நான் செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். அந்த விளக்கம் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்கிறது. அதாவது காரணம் ஆசிரியரின் பலவீனமான மனசு என்று முடித்துவிட முடியாது. வேலை எப்படி அமைந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் டே, சிங் கு என்ற ஆய்வாளர்கள் தம் குழுவோடு 100 பள்ளிகளில் 300 ஆசிரியர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆசிரியரின் தாங்கும் திறன் பிறவிக் குணம் அல்ல, ஏறும் இறங்கும் என்று அவர்கள் எழுதினார்கள். தலைமையின் ஆதரவும், சக ஆசிரியர்களோடு உள்ள உறவும், மாணவர்களோடு உள்ள உறவும் அதை ஏற்றி இறக்குகின்றன. இதை நான் முழுக்க நம்புகிறேன். ஒரே ஆசிரியர் ஒரு பள்ளியில் வாடுவதையும் மாற்றலாகிப் போன பள்ளியில் தழைப்பதையும் கண்ணால் பார்த்தவள் நான்.

இப்போது நம் பயிற்சிகளுக்கு வருவோம். அரசு ஊழியர் ஆண்டுக்கு 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி 2005-ஆம் ஆண்டில் வந்தது. பள்ளியில் நாம் 'லாடாப்' என்று சொல்லும் பணியிடைப் பயிற்சியும் இதில் சேரும். மனநலப் பயிற்சி என்றால் பெரும்பாலும் எப்படி நடக்கிறது? சனிக்கிழமை காலை மண்டபத்தில் கூட்டம். பலூன் ஊதி ஒரு விளையாட்டு. "எல்லாத்தையும் பாசிட்டிவ்வா எடுத்துக்கோங்க" என்று ஒருவர் இரண்டு மணி நேரம் பேசுவார். பதாகைக்கு முன்னால் படம், அப்புறம் அறிக்கை. அந்த அறிக்கையை எழுதுவதும் ஒரு ஆசிரியர்தான்!

அப்படிப் போன ஒரு பயிற்சியில் எனக்குப் பிரயோஜனமாக இருந்தது தேநீர் இடைவேளை. சிறிய பள்ளியிலிருந்து வந்த ஒரு தங்கை சொன்னார்: "டீச்சர், எங்க பள்ளியில மொத்தமே ஒம்போது பேரு. ஆனா பெரிய பள்ளியில இருக்கிற அத்தனை கோப்பும் எங்ககிட்டயும் இருக்கு." 150 மாணவருக்குக் கீழே இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்கிறோம். நம் தமிழ்ப்பள்ளிகளில் இப்படிப்பட்டவை ஏராளம். மாணவர் குறைந்தால் ஆசிரியரும் குறைவர், பொறுப்புகள் மட்டும் குறைவதில்லை. ஒருவருக்கு ஐந்தாறு செயலாளர் பதவி. இதை மண்டபத்தில் யாரும் பேசவில்லை. மீ கோரேங் தட்டோடு நின்றபடி நாங்கள் பேசினோம்.

அந்தத் தேநீர் இடைவேளையையே பயிற்சியாக்கினால் என்ன? இதைத்தான் நாங்கள் சிலர் செய்து பார்க்கிறோம். மாதம் ஒரு முறை, 40 நிமிடம், பள்ளி நாளில், லாடாப் நேரத்துக்குள். படம் எடுப்பதில்லை. பேசியதைக் குறிப்பெடுப்பதில்லை. ஒவ்வொருவரும் அந்த மாதம் தன்னைக் 'கட்டையைத் தொட்ட' ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் முதல் 20 நிமிடம் ஆலோசனை சொல்லக்கூடாது. நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், வாய் துருதுருன்னு இருக்கும்! கடைசி 10 நிமிடத்தில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதை நிறுத்தலாமா, பகிரலாமா, சுருக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கொண்டுபோகிறோம். ஒரே விவரத்தை மூன்று படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தது இப்படித்தான் ஒன்றானது. இரவு 8 மணிக்கு மேல் புலனக் குழுவில் அறிவிப்பு போடுவதில்லை என்பதும் இப்படி வந்ததுதான். அவசரம் என்றால் தொலைபேசியில் அழைக்கலாம். எத்தனை அழைப்பு வருகிறது என்று பார்த்தால் அவசரம் எவ்வளவு குறைவு என்று தெரிந்துவிடும்.

ஒரு கூட்டத்தில் இளம் ஆசிரியை ஒருவர் தன் வகுப்புப் பையனைப் பற்றிச் சொன்னார். அப்பா இறந்து மூன்று வாரம். பையன் தினமும் ஓய்வு நேரத்தில் இவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து, ஒன்றும் பேசாமல் நிற்கிறான். இவருக்கு ராத்திரி தூக்கம் இல்லை. "நான் என்ன செய்யணும்னே தெரியல" என்று அழுதுவிட்டார். பதவி விலகல் கடிதம் பையிலேயே இருந்தது. யாரும் தத்துவம் பேசவில்லை. மூத்த ஆசிரியர் ஒருவர் பையன் வீட்டுக்குப் போய் வருவதாக ஏற்றுக்கொண்டார். வழிகாட்டி ஆலோசக ஆசிரியர் வாரம் ஒரு மணி நேரம் அவனோடு உட்கார்ந்தார். தங்கை பிறகு மாற்றலுக்கு விண்ணப்பித்தது விண்ணப்பித்ததுதான். ஆனால் இன்னும் ஆசிரியையாக இருக்கிறார்.

"நம்ம தாத்தா பாட்டி இதைவிடக் கஷ்டப்படலையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். பட்டார்கள். தோட்டத்தில் பால்மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது பரவலான முறை. மரம் ஓய்வெடுக்கும் நாளில் வெட்டியவர் வீட்டில் இருந்தாரா? இல்லை. அவருக்கு இன்னொரு பகுதி மரங்கள் காத்திருந்தன. மரத்துக்குக் கிடைத்த ஓய்வு மனிதருக்குக் கிடைக்கவில்லை. பாட்டியின் உழைப்பை நான் கும்பிடுகிறேன். அவருக்குக் கிடைக்காத ஓய்வைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு திரிய மாட்டேன்.

மூச்சுப் பயிற்சி, தியானம், மாலையில் பேராக் ஆற்றங்கரை நடை, இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் செய்கிறேன். ஆனால் சுமை அப்படியே இருக்க, சுமப்பவருக்கு மட்டும் மூச்சுவிடக் கற்றுத் தருவது பாதி வேலைதான். இன்னொன்று: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பின்மை என்று இருந்தால் நண்பர் வட்டம் மட்டும் போதாது. அரசு சுகாதார கிளினிக்குக்குப் போங்கள், அல்லது சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும் முன் ஒரு சின்ன வேலை. ஒரு தாளில், பள்ளியில் உங்களிடம் உள்ள பொறுப்புகளை எல்லாம் எழுதுங்கள். மாணவரை நேரடியாகத் தொடும் வேலைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி இல்லாதவற்றில் எது யாரோடு பகிரக்கூடியது என்று பெயர் போட்டு எழுதுங்கள். ஆசிரியர் அல்லாதவர்கள், உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒருவரைப் போய்ப் பார்த்து, "இப்ப எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து வாருங்கள்.