புளியும் இந்தியப் பேரீச்சையும்

நுழையும்முன்
ஒரு பொருளுக்கு இடும் பெயரில், அப்பொருளை மக்கள் எவ்வாறு கண்டனர் என்பது பதிந்திருக்கும். நாள்தோறும் உணவில் சேரும் புளியின் பெயர்கள் அதற்குச் சான்றாகும்.

விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டி வழியாக வடக்கே சென்றால் திண்டிவனத்தை அடையலாம். 'திந்திரிணி வனம்' என்பதே திண்டிவனம் என மருவியது என்பர். திந்திரிணி என்பது புளியமரத்தைக் குறிக்கும் வடசொல். அவ்வூர்ச் சிவன் கோயில் இறைவனின் பெயரும் திந்திரிணீசுவரர் என்பதாகும்.

சுவையால் அமைந்த பெயர்
தமிழில் 'புளி' என்பது சுவைக்கும் மரத்திற்கும் பொதுவான பெயர். இவ்விரண்டும் புணர்ச்சியில் வேறுபடுவதைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரம் காட்டுகிறது. மரப்பெயராயின் 'அம்' சாரியை பெற்றுப் 'புளியங்கோடு' என வரும். சுவைப்பெயராயின் மெல்லெழுத்து மிக்குப் 'புளிங்கூழ்' என வரும். புளிப்பைக் குறிக்கும் கன்னட 'ஹுளி', தெலுங்குப் 'புலுபு' ஆகியன தமிழ்ச்சொல்லின் உறவுச்சொற்கள். தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது இயல்பு. பால் 'ஹாலு' ஆவதும் அவ்வாறே. இந்தியில் வழங்கும் 'இம்லி', புளிப்பு எனப் பொருள்படும் 'அம்லம்' என்னும் வடசொல்வழி வந்தது. மலாய் மொழியின் 'அசாம்' என்னும் சொல்லும் புளிப்பையே சுட்டும்.

வணிகர் இட்ட பெயர்
அரபு வணிகர் வேறுவகையில் பெயரிட்டனர். கொட்டை நீக்கி உலர்த்திய புளி, நிறத்தாலும் பிசுபிசுப்பாலும் அவர்களுக்குத் தம் நாட்டுப் பேரீச்சையை நினைவூட்டியது. எனவே 'தமர் ஹிந்தி', அதாவது 'இந்தியப் பேரீச்சை' என்றனர். 'ஹிந்த்' என்பதற்கு மூலம் சிந்து ஆற்றின் பெயர். அரபுத்தொடர் இலத்தீனில் 'தமரிந்துஸ்' ஆகி, ஆங்கிலத்தில் 'டாமரிண்ட்' ஆயிற்று. 1753இல் லின்னேயஸ் 'டாமரிண்டஸ் இண்டிகா' எனத் தாவரவியல் பெயர் சூட்டினார். இதனால் இந்தியா அப்பெயரில் இருமுறை இடம்பெற்றது.

பெயரும் பிறப்பிடமும்
எனினும், புளியமரத்தின் பிறப்பிடம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா என்பதே தாவரவியலார் பலரின் முடிவு. அது தொன்மைக்காலத்திலேயே இந்தியாவிற்கு வந்து வேரூன்றியது. அரபியர் இங்கிருந்து பெற்றதால் இந்தியாவின் பெயரை இட்டனர். ஆகவே, ஒரு பெயர் பொருளின் பிறப்பிடத்தைக் காட்டாமல், அது கைமாறிய இடத்தைக் காட்டுவதும் உண்டு. சொல்லை மட்டும் கொண்டு வரலாற்றை முடிவுசெய்தல் கூடாது. பிற சான்றுகளோடு ஒப்பிட்டே தெளிதல் வேண்டும்.

சாலைகள் அகலமாகும்போது, நிழல்தந்த புளியமரங்கள் பல வெட்டப்படுகின்றன. மரம் மறைந்தபின்னும் அது நின்ற இடத்தை ஊர்ப்பெயர் நினைவூட்டும். அப்பெயரின் பொருளை அறிந்தோர் இருக்கும்வரையே அந்நினைவும் நிலைக்கும்.

கற்பவை கற்றபின்
உங்கள் பகுதியில் மரப்பெயரால் அமைந்த ஊர்ப்பெயர்களைத் தொகுக்க. அம்மரங்கள் இன்றும் அங்கு உள்ளனவா எனக் கண்டறிந்து வகுப்பறையில் உரையாடுக.