நின்ற பிளேடும் சுழலும்

கேள்வி: தென்னந்தோப்பில் பவர் வீடர் ஓட்டுகிறோம். பிளேடில் கோரை சுற்றிக்கொண்டால் என் மகன் என்ஜினை அணைக்காமல் கையாலேயே பிடுங்குகிறான். கேட்டால், "கிளட்சை விட்டாச்சும்மா" என்கிறான். சரியா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: சரியில்லைங்க. கிளட்ச் கேபிள் இறுகிக் கிடந்தால் லீவரை விட்டாலும் பிளேடு ஓடும். என்ஜினை அணைத்து, பிளேடு நின்றபின், பெட்ரோல் வண்டி என்றால் பிளக் வயரையும் கழற்றச் சொல்லுங்கள். அப்போதும் கை வேண்டாம். குச்சியோ கொக்கியோ போதும். அமெரிக்காவில் பனி வாரும் இயந்திரத்திலும் இதே வம்புதான். அடைத்த பனியைக் கையால் தள்ளப்போய் விரலை இழக்கிறார்கள். என்ஜின் நின்றாலும் உள்ளே தங்கிய இறுக்கம், அடைப்பு விலகியதும் பிளேடைச் சட்டென்று திருப்பிவிடும். கதிரடிக்கும் இயந்திரங்களில் கைகள் போன கொடுமைக்காக 1983-ல் நம் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது.

கை வலிக்கிறதென்று லீவரைக் கயிற்றால் கட்டியிருந்தால் இன்றே அவிழ்க்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் தென்னை மரம் இருக்கக் கூடாது. நடுவில் சிக்கினால் நகர இடமிருக்காது. லுங்கி, செருப்பு இரண்டும் ஆகாது. பெட்ரோல் தீர்ந்தால் சூட்டோடு ஊற்ற வேண்டாம். தம்பி ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஊற்றட்டும்.