சினைப்பைப் புற்றுநோய்: ஹார்மோன் சிகிச்சை எல்லாருக்கும் பொருந்துமா?

மார்பகப் புற்றுநோய் வந்த தோழிக்கு மருத்துவர் ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கலாம். "சினைப்பையில் புற்றுநோய் வந்த எனக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். அதற்கான ஒரு காரணத்தை இங்கு காண்போம்.

ஏற்பி என்றால் என்ன?
ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் ஆகிய ஹார்மோன்கள் இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்கின்றன. உயிரணுவில் அவற்றைப் பற்றிக்கொள்ளும் புரதமே ஏற்பி. ஹார்மோன் சாவி என்றால், ஏற்பி பூட்டு. ஹார்மோன் மாத்திரைகள் பல இந்தப் பூட்டையும் சாவியையும் நம்பியே வேலை செய்கின்றன.

பூட்டு ஏன் காணாமற்போகிறது?
ஏற்பியை உருவாக்கும் குறிப்பு மரபணுவில் உள்ளது. சில புற்றுநோய் உயிரணுக்களில், 'மெத்தில்' எனும் சிறு வேதிக்கூறுகள் அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் படிந்துவிடுகின்றன. சமையல் புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொள்வது போன்றது இது. எழுத்து அழியவில்லை, ஆனால் படிக்க முடியாது. அதனால் ஏற்பி குறைகிறது, அல்லது உருவாவதே இல்லை.

புற்றுநோய்க் கட்டியில் ஏற்படும் இந்த மாற்றம் உங்கள் பிள்ளைகளுக்குச் செல்லாது. எனினும், குடும்பத்தில் மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் கூறுங்கள்.

சிகிச்சைக்கு இதனால் என்ன?
கட்டியின் திசுவைச் சோதித்து, ஏற்பி உள்ளதா என்று கண்டறியலாம். ஏற்பி இல்லையென்றால் ஹார்மோன் சிகிச்சையின் பலன் குறையலாம். அதற்காக மனந்தளர வேண்டாம். அறுவை சிகிச்சை, கீமோதெரபி போன்ற வழிகள் உள்ளன.

ஒட்டிய பக்கங்களைப் பிரிக்கும் மருந்துகளும் உண்டு. அசாசிட்டிடின், டெசிட்டபின் ஆகியவை சில இரத்த நோய்களுக்குத் தரப்படுகின்றன. சினைப்பைப் புற்றுநோய்க்கு அவை ஆய்வு நிலையிலேயே உள்ளன. நாட்டு மருந்தோ சத்து மாத்திரையோ இதைச் செய்யும் என்று யாரேனும் கூறினால், வாங்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்
• வயிறு உப்பியே இருத்தல்
• சிறிது சாப்பிட்டாலும் வயிறு நிறைதல்
• அடிவயிற்று வலி
• அடிக்கடி சிறுநீர் கழித்தல்

இவை சில வாரங்களுக்கு நீடித்தால், "வயதானால் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு ஏற்பட்டால் காத்திருக்கவே வேண்டாம். குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். 'பாப் ஸ்மியர்' கருப்பை வாய்க்கான சோதனை. அதன் முடிவு நன்றாக இருந்தாலும் இந்த அறிகுறிகளை அலட்சியம் செய்யாதீர்கள்.

மருத்துவரிடம் கேளுங்கள்
• எனக்கு வந்திருப்பது எந்த வகை?
• என் திசுவில் ஹார்மோன் ஏற்பி சோதிக்கப்பட்டதா?
• ஹார்மோன் சிகிச்சை எனக்குப் பொருந்துமா?