பழைய ஸ்விட்ச் வாங்கும் முன்...

பிள்ளைகளுக்காகப் பழைய நின்டெண்டோ ஸ்விட்ச் தேடுகிறீர்களா? காசைக் கொடுக்கும் முன் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் அதை இணைத்து, உங்கள் கணக்கைச் சேர்த்து, நிறுவனத்தின் ஆன்லைன் கடையான இ-ஷாப் திறக்கிறதா என்று விற்பவர் எதிரிலேயே பாருங்கள். முதல் தலைமுறை ஸ்விட்சில் 2124-4007 என்ற பிழை எண் வந்தால் அது நிறுவனம் தடை செய்த கருவி. திருட்டு கேம்களை ஓட்டியதோ, மாற்று மென்பொருள் ஏற்றியதோ பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

தடை விழுவது அந்தக் கருவியின் மீது. ஒவ்வொன்றுக்குள்ளும் தனிச் சான்றிதழ் ஒன்று பதிந்திருக்கிறது. சர்வர் பார்ப்பது அதைத்தான். "ரீசெட் அடித்தால் சரியாகிவிடும் சார்" என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. கேம் கார்டு போட்டு வீட்டில் ஆடலாம், ஆன்லைன் ஆட்டமும் கடையும் கிடையாது. அதற்கேற்ற விலை என்றால் உங்கள் விருப்பம்.

பழைய கேம் கார்டிலும் கவனம் வேண்டும். கார்டுக்கும் தனி அடையாளம் உண்டு. விற்றவர் நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஆடினால், ஒரே அடையாளம் இரண்டு இடங்களில் தெரியும். குற்றமற்ற உங்கள் கருவியும் மாட்டும். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2 வாங்கிய சிலருக்கு இப்படி நேர்ந்து, வாங்கிய ஆதாரத்தைக் காட்டிய பிறகே தடை நீங்கியது.

அதே ஆண்டு மே மாதம் திருத்திய அமெரிக்கப் பயனர் ஒப்பந்தத்தில், விதி மீறினால் கருவியையே நிரந்தரமாக முடக்கலாம் என்று நிறுவனம் சேர்த்துக்கொண்டது. காசு கொடுத்தவர் பார்வையில் இது அத்துமீறல்தான். ஆனாலும் தடை விழுந்தால் காட்ட ஆதாரம் வேண்டும்; ரசீது, விற்பவரின் விளம்பரப் படம், கார்டின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.