ஓட்டை ஆறு, பாயிண்ட் ஒன்று

1962-ல் நெய்வேலியில் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கிய காலத்திலேயே இங்கே வட்டம் வட்டமாக ஊழியர் குவார்ட்டர்ஸ் எழும்பத் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்துக் குடித்தனத்துக்கு லைட்டு, ஃபேன், ரேடியோ, ஒரு அயர்ன் பாக்ஸ். இன்றைக்கு அதே வீட்டுக்குள் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு, ஆளுக்கொரு சார்ஜர். தென்மாநிலங்களுக்கெல்லாம் கரண்டு அனுப்புகிற ஊரில் மிக்சி போட பிளக் தேடுகிறோம். புதிதாகக் குடிவருகிற பிள்ளைகள் முதலில் வாங்குவதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். ஒயரும் டெஸ்டருமாகத் தலை நரைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

1. பாக்ஸ் கரண்டைக் கூட்டித் தராது. சுவரில் இருக்கும் சின்ன பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். பாக்ஸில் ஆறு ஓட்டை இருந்தாலும் ஆறுக்கும் சேர்த்து அவ்வளவுதான். எந்தச் சாமானையும் திருப்பிப் பாருங்கள், அடியில் வாட் போட்டிருக்கும். ரைஸ் குக்கர் 700, கெட்டில் 1,500 என்றால் கூட்டினால் 2,200. ஒன்பதரை ஆம்பியர் ஓடுகிறது. காலையில் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகப் போடுகிற வீடுகள் எத்தனை!

2. “எம்.சி.பி. இருக்கே, அது பார்த்துக்காதா தாத்தா?” என்று கேட்பார்கள். பார்த்துக்கொள்ளாது. சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றத்தான் அது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு ஒன்பதரை ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை, சும்மா இருக்கும். பாக்ஸின் மெல்லிய ஒயர்தான் வேகும். கரண்டு இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். ஃப்யூஸ் கட்டை வைத்த பழைய வீடாக இருந்தால் இன்னும் கவனம். அடிக்கடி போகிறதென்று நாலு இழை செப்புக் கம்பியை முறுக்கிப் போடுகிறவர்கள் ஃப்யூஸே இல்லாத வீட்டில் குடியிருக்கிறார்கள்.

3. வெந்நீர் ராடு, கீசர், இண்டக்‌ஷன், ஏ.சி. இவற்றை எக்ஸ்டென்ஷனில் போடவே கூடாது. தடித்த பின் வைத்துத் தருவதே 16 ஆம்பியர் பாயிண்ட்டில் சொருகத்தான். அதைச் சின்ன ஓட்டையில் நுழைக்க ஒரு குட்டிக் கட்டை கடையில் கிடைக்கும். வாங்காதீர்கள்.

4. எர்த். இதைத்தான் நிறுத்திச் சொல்ல வேண்டும். பிளக்கின் மேல் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடியாகவும் இருக்கிறது? சொருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. மலிவு பாக்ஸ்கள் சிலவற்றில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே ஒயர் இரண்டுதான். மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். அதில் ஃபிரிட்ஜைப் போட்டு, உள்ளே கசிவு வந்தால் கதவுப் பிடியே ஷாக் அடிக்கும். வாங்கும்போது ஒயரைப் பாருங்கள்: மூன்று கோர், ஐ.எஸ்.ஐ. முத்திரை, 6 ஆம்பியருக்கு 0.75 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 16-க்கு 1.5. மெயினில், கசிவு வந்தால் கரண்டை வெட்டுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் கேளுங்கள். உயிரைக் காப்பாற்றுவது அதுதான். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும்.

5. தளர்ந்த பிளக் லோடைவிட மோசம். ஸ்விட்ச்யார்டில் ஒரு கிளாம்ப் தளர்ந்தாலும் அந்த இடம் கொதிக்கும். உங்கள் வீட்டு பிளக்குக்கும் அதே கதைதான். அரை மணி நேரம் ஓடியபின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். சுட்டால், பின் கறுத்திருந்தால், கருவாட்டு வாடை மாதிரி ஏதாவது அடித்தால் அன்றோடு அந்த பாக்ஸுக்கு விடைகொடுங்கள். டேப் சுற்றி ஆயுளை நீட்டாதீர்கள்.

6. பாக்ஸில் பாக்ஸ் சொருகாதே.

7. ஒயரைச் சுருட்டி வைத்தபடி லோடு ஏற்றாதீர்கள், சூடு வெளியேற வழியிருக்காது. பாய்க்கு அடியில், கதவிடுக்கில், குளியலறை வாசலில் ஓட விடக் கூடாது.

8. பேட்டரி ஸ்கூட்டருக்கு ஜன்னல் வழியாக ஒயர் விட்டு ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுவது இப்போது புது வழக்கம். மணிக்கணக்கில் ஓடுகிற லோடு அது. மேலே பனி, கீழே ஈரம். கீழ்வீடாக இருந்தால் வெளிச்சுவரில் மூடியிட்ட 16 ஆம்பியர் பாயிண்ட் போடச் சொல்லிக் கேளுங்கள்.

9. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபின் ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்த கூத்தைப் பார்த்திருக்கிறேன். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் சுவர் பாயிண்ட்டுக்குக் கரண்டு கொடுப்பவர்களும் உண்டு. ஒரு முனையைச் சொருகியதும் மறுமுனையில் திறந்து கிடக்கும் பின்னில் கரண்டு நிற்கும். மெயினை அணைக்க மறந்தால் அது லைனுக்கே ஏறும்; கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன் சாவார். அப்படி ஒரு ஒயர் உங்கள் வீட்டில் இருந்தால் வெட்டிப் போடுங்கள்.

10. யாருக்காவது ஷாக் அடித்தால் தொடாதீர்கள், முதலில் மெயின். பிறகு 108. பாக்ஸ் எரிந்தாலும் அதே வரிசைதான், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

11. எக்ஸ்டென்ஷன் தற்காலிகத்துக்கு மட்டும். கொலு சீரியல் செட், விருந்தாளி லேப்டாப், பெயின்ட் அடிக்கும்போது ஒரு விளக்கு, இவற்றுக்குச் சரி. ஆறு மாதமாக ஒரே இடத்தில் ஒரு பாக்ஸ் கிடக்கிறதென்றால் அந்த இடத்தில் ஒரு பாயிண்ட் வேண்டும் என்று அர்த்தம். நீங்களே சுவரைக் கொத்தாதீர்கள். குவார்ட்டர்ஸ் நம் சொத்து இல்லை. நாளைக்கே பராமரிப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். வரத் தாமதமானால் மறுபடி எழுதிக் கொடுங்கள்.