சாக்ஸபோன் கலைஞர் பென்னி கார்ட்டர்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1907ஆம் ஆண்டு பிறந்தவர் பென்னி கார்ட்டர். இவர் கறுப்பினத்தவர். சிறுவயதில் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து டிரம்பெட் என்னும் ஊதுகருவியை வாங்கினார். அது உடனே வசப்படாமையால், கடையில் கொடுத்துச் சாக்ஸபோனாக மாற்றிக்கொண்டார். பெரும்பாலும் தாமே முயன்று கற்றார். 1930களில், ஆடலுக்கேற்ற துள்ளல் தாளமுடைய 'ஸ்விங்' என்னும் ஜாஸ் இசையில் முன்னணிக் கலைஞராக விளங்கினார். அன்று கைவிட்ட டிரம்பெட்டையும் பின்னாளில் திறம்பட வாசித்தார்.

1940களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேறினார். 1943இல் வெளிவந்த 'ஸ்டார்மி வெதர்' என்னும் திரைப்படத்திற்கு இசைக்குறிப்புகள் எழுதினார். அக்காலத்தில் அந்நகரின் இசைக்கலைஞர்களுள் கறுப்பினத்தவர்க்கு ஒரு சங்கமும் வெள்ளையர்க்கு மற்றொரு சங்கமும் இருந்தன. திரைப்பட ஸ்டுடியோக்களின் இசைப்பணி பெரும்பாலும் வெள்ளையர் சங்கத்தினருக்கே கிடைத்தது. தமக்கு வாய்ப்புக் கிடைத்ததே போதும் என்று கார்ட்டர் இருந்துவிடவில்லை. பிற கலைஞர்களோடு சேர்ந்து இரு சங்கங்களையும் இணைக்கப் பாடுபட்டார். 1953இல் அவை ஒன்றாயின.

முதுமையிலும் இசைப்பணியைத் தொடர்ந்த கார்ட்டர், 2003ஆம் ஆண்டு தம் 95ஆம் வயதில் மறைந்தார்.

சொற்பொருள்
வசப்படாமை – கைவராமை
பாடுபட்டார் – மிக முயன்று உழைத்தார்

வினாக்கள்
1. கார்ட்டர் டிரம்பெட்டை ஏன் மாற்றினார்?
2. இரு சங்கங்களாக இருந்ததால் கறுப்பினக் கலைஞர்கள் இழந்தது யாது?
3. தமக்கு வாய்ப்பிருந்தும் கார்ட்டர் பிறருக்காகப் பாடுபட்டது ஏன்? உம் கருத்தை மூன்று தொடர்களில் எழுதுக.