திடப்படுத்தல்: வாலிபர் உரைக்கும் ஆமென்

தியானப் பகுதி: 2 கொரிந்தியர் 1:20-22, 2 தீமோத்தேயு 1:3-7, உபாகமம் 6:20-25

லுத்தரன் சபைகளில் திடப்படுத்தல் ஞாயிறு ஒரு மகிழ்ச்சியின் நாள். பல மாதங்கள் ஞானோபதேசம் கற்ற பிள்ளைகள் வெண்ணுடை அணிந்து பலிபீடத்தின் முன் நிற்கின்றனர். குருவானவர் கேட்கும் கேள்விகளுக்குச் சபையார் அனைவரும் கேட்கும்படி பதில் கூறுகின்றனர்; முழங்காற்படியிட்டு ஆசி பெறுகின்றனர்; பல இடங்களில் அன்றுதான் முதன்முறையாகத் திருவிருந்திலும் பங்குபெறுகின்றனர். வீட்டில் விருந்து, உறவினரின் வாழ்த்து, புகைப்படம் எல்லாம் உண்டு. ஆயினும், அடுத்த சில மாதங்களில் அவர்களில் சிலருடைய இடம் ஆலயத்தில் வெறுமையாகிவிடுகிறது. “திடப்படுத்தல் முடிந்துவிட்டது” என்று பெற்றோரும் இயல்பாகச் சொல்லிவிடுகின்றனர்.

முடிந்தது எது? பள்ளிப் படிப்பைப் போல ஞானோபதேசமும் ஒரு தேர்வோடு முடிந்து, சான்றிதழோடு விடைபெறும் காரியமா? இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்காவிட்டால், சபைக்குள் நுழையும் வாசலாக அமைந்த ஆராதனை, சபையை விட்டு வெளியேறும் வாசலாக மாறிவிடும்.

1. திடப்படுத்துகிறவர் யார்?

அந்தச் சொல்லையே கவனிப்போம். திடப்படுதல் அன்று, திடப்படுத்தல். ஒருவரைத் திடப்படுத்துகிறவர் வேறொருவர் இருக்கிறார் என்பதை அச்சொல்லே காட்டுகிறது. அவர் யார்? வாலிபன் தன் வாக்குறுதியால் தன்னைத்தானே திடப்படுத்திக்கொள்வதில்லை. குருவானவரின் கரமும் தன்னில்தானே அதைச் செய்வதில்லை. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதும்போது, விசுவாசிகளைக் கிறிஸ்துவுக்குள் நிலைநிறுத்தி, முத்திரையிட்டு, ஆவியானவரை அச்சாரமாகத் தருகிறவர் தேவனே என்று தெளிவாகக் கூறுகிறார். அதற்கு முந்தின வசனத்தில், தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் ‘ஆம்’ என்று நிற்பதையும், அவருக்குள்ளே நம்முடைய ‘ஆமென்’ எழுவதையும் சொல்லுகிறார். முதலில் தேவனுடைய ஆம். அதன்பின் மனிதனுடைய ஆமென். இந்த வரிசையே திடப்படுத்தலின் உட்பொருள்.

தேவனுடைய ‘ஆம்’ ஞானஸ்நானத்தில் அந்தப் பிள்ளைக்கு உரைக்கப்பட்டாயிற்று. பேசவும் அறியாத குழந்தையாய் அது தாயின் மடியில் கிடந்தபோதே, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே அது தேவனுடைய பிள்ளை ஆயிற்று. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அன்று அதன் சார்பில் விசுவாசத்தை அறிக்கையிட்டனர். இப்போது அப்பிள்ளை தன் சொந்த வாயினால் “ஆமென்” என்கிறது. ஆகவே திடப்படுத்தல் ஞானஸ்நானத்தில் விடுபட்ட எதையும் நிரப்புவதில்லை. குறைவற்ற ஒரு கொடையைப் பெற்றவர், அதை அறிந்து நன்றியோடு ஏற்றுக்கொள்வதே அது.

இதனாலேயே மார்ட்டின் லுத்தர் திடப்படுத்தலைச் சாக்கிரமெந்துகளின் வரிசையில் வைக்கவில்லை. ரோமச் சபை அதை ஒரு சாக்கிரமெந்தாகக் கொண்டிருந்தது. 1520-இல் வெளியிட்ட ‘திருச்சபையின் பாபிலோனிய சிறையிருப்பு’ என்ற நூலில், கிறிஸ்துவின் கட்டளையும் வாக்குத்தத்தமும் அதற்கு இல்லை என்பதை லுத்தர் எடுத்துக்காட்டினார். ஞானஸ்நானத்தின் மகிமையைக் குறைக்கும் எந்தச் சடங்கையும் அவர் ஏற்கவில்லை. ஆனால் பிள்ளைகள் விசுவாசத்தைக் கற்று, அதைச் சபையின் முன் அறிக்கையிடுவதை அவர் எதிர்க்கவில்லை.

2. இவ்வழக்கம் உருவான வரலாறு

1528-இல் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடும் பணியில் லுத்தர் ஈடுபட்டார். கிராம மக்களில் பலர் பத்துக் கற்பனைகளையோ விசுவாசப் பிரமாணத்தையோ பரமண்டல ஜெபத்தையோ அறியாதிருந்தனர். போதகர்களிலும் சிலர் போதிக்கும் தகுதியற்றவர்களாய் இருந்தனர். அந்த வேதனையிலிருந்து பிறந்ததே 1529-இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசம். அது குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாய்க் கற்பிக்கும்படி எழுதப்பட்டது என்பது மறக்கத்தகாத உண்மை. திடப்படுத்தலின் முதல் வகுப்பறை வீடுதான்.

அடுத்த படி எஸ்ஸே நாட்டில் நிகழ்ந்தது. குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்தவர்கள், “பெற்றோர் சொன்ன விசுவாசம் பிள்ளையின் விசுவாசமாகுமா?” என்று கேட்டனர். சபையில் ஒழுக்கமும் சீஷத்துவமும் எங்கே என்றும் கேட்டனர். இளவரசர் பிலிப்பின் அழைப்பின்பேரில் அங்கே வந்த மார்ட்டின் பூட்சர் அவர்களுடைய குரலைப் பொறுமையோடு கேட்டார். அதன் பயனாக 1538-ஆம் ஆண்டின் இறுதியில் சீகன்ஹைன் என்னும் ஊரில் ஓர் ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் ஞானோபதேசம் கற்று, சபையின் முன் விசுவாசத்தை அறிக்கையிட்டு, கைகள் வைக்கப்பட்டு, ஜெபத்தோடு திருவிருந்துக்கு அனுமதிக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. சுவிசேஷத் திருச்சபைகளின் திடப்படுத்தல் இங்கிருந்தே வடிவம் பெற்றது.

பின்னர் 17-ஆம் நூற்றாண்டில் பிலிப் யாக்கோப் ஸ்பேனர், மனப்பாடம் மட்டும் போதாது, தலையில் உள்ளது இருதயத்தில் இறங்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவருடைய பக்தி இயக்கத்தின் மூலம் திடப்படுத்தல் ஜெர்மனியெங்கும் பரவிற்று. ஒவ்வொருவரும் தம் ஞானஸ்நான உடன்படிக்கையைத் தாமே புதுப்பிக்கும் நாளாக அது கருதப்பட்டது.

வரலாற்றில் எச்சரிப்பும் உண்டு. 1736-இல் டென்மார்க்–நார்வே அரசு திடப்படுத்தலைச் சட்டத்தால் கட்டாயமாக்கிற்று. அதனால் நன்மையும் விளைந்தது: ஞானோபதேசம் வாசிக்கவேண்டி இருந்ததால், ஏழைப் பிள்ளைகளும் எழுத்தறிவு பெற்றனர். ஆனால் திருமணம் முதலான காரியங்களுக்கே அது நிபந்தனையானபோது, விசுவாச அறிக்கை பலருக்கு வெறும் ஊர்வழக்கமாயிற்று. சட்டத்தின் வற்புறுத்தல் ஒரு பிள்ளையைப் பலிபீடம் வரை கொண்டுவரலாம்; ‘ஆமென்’ என்று சொல்ல வைக்கவும் கூடும். அதை இருதயத்தில் எழுப்ப ஆவியானவர் ஒருவராலேயே ஆகும்.

3. இந்திய மண்ணில் திடப்படுத்தலின் தேவை

1706 ஜூலை 9 அன்று பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். 1707 மே 12 அன்று ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்கள் குழந்தைகள் அல்லர். உபதேசம் கேட்டு, கற்று, அறிக்கையிட்டவர்கள். கற்றலும் அறிக்கையும் ஞானஸ்நானமும் அவர்களுக்கு ஒரே வழியில் வந்தன. சீகன்பால்க் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் தந்ததும், பிள்ளைகளுக்குப் பள்ளிகளைத் தொடங்கியதும் இதே நோக்கத்தோடுதான்.

குண்டூரில் 1842-இல் ஜான் கிறிஸ்டியன் பிரெடரிக் ஹேயர் பணியைத் தொடங்கியபோதும், 1845-இல் கோஸ்னர் மிஷனரிகள் ராஞ்சியை அடைந்தபோதும் இவ்வாறே நடந்தது. ராஞ்சியில் முதல் ஞானஸ்நானத்துக்கு 1850 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று முன்வந்த நான்கு ஓராவோன் மனிதர்கள், தங்கள் ‘ஆமென்’ என்ன விலை பெறும் என்பதை அறிந்தே சொன்னார்கள்.

ஆனால் முதல் தலைமுறையின் பேரப்பிள்ளைகள்? அவர்கள் விசுவாச வீட்டில் பிறக்கிறார்கள். ஜெபத்தையும் பாட்டையும் கேட்டே வளர்கிறார்கள். தாத்தா எதை விட்டு வந்தார், ஏன் வந்தார் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவதில்லை. கிறிஸ்தவம் அவர்களுக்குக் குடும்பப் பெயரைப்போல் ஒட்டிக்கொண்ட ஒன்றாகிவிடக்கூடும். இன்று பணித்தளங்களில் முளைத்துவரும் இளம் சபைகளும், இன்னும் இருபது ஆண்டுகளில் இதே இடத்தில் வந்து நிற்கும்.

இந்த இடைவெளியையே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது தொடுகிறார். பாட்டியாகிய லோவிசாளிடமும் தாயாகிய ஐனிக்கேயாளிடமும் இருந்த மாயமற்ற விசுவாசத்தை முதலில் நினைவுகூருகிறார். அது தீமோத்தேயுவிடமும் இருக்கிறது என்று நிச்சயித்திருக்கிறார். அத்தோடு நிறுத்தவில்லை, கைகளை வைத்ததினால் அவனுக்கு உண்டான வரத்தை அனல்மூட்டி எழுப்பும்படி அவனுக்கே புத்தி சொல்லுகிறார். பாட்டி மூட்டிய அடுப்பின் நெருப்பைப் பேரன் ஊதி எழுப்பவேண்டும். அது தானாய் எரிந்துகொண்டிராது.

4. பிள்ளை கற்கிறது என்ன?

சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து ஆகியவை உள்ளன. முதல் மூன்றின் வரிசைக்குக் காரணம் உண்டு. 1520-இல் எழுதிய ஒரு சிறு நூலில் லுத்தர் இதை நோயாளியின் உவமையால் விளக்கினார். நோயாளி முதலில் தன் நோயை அறியவேண்டும். அடுத்து மருந்து எங்கே உள்ளது என்று அறியவேண்டும். பின்பு அதை விரும்பிக் கேட்டுப் பெறவேண்டும். கற்பனைகள் நோயைக் காட்டுகின்றன. விசுவாசப் பிரமாணம் மருந்தாகிய கிருபையைக் காட்டுகிறது. ஜெபம் அதைக் கேட்கக் கற்றுத்தருகிறது. இந்த மூன்றையும் அறிந்த பிள்ளை, தேர்வுக்கு மட்டும் படித்த பிள்ளை அன்று. ஆபத்து நாளில் எங்கே ஓடவேண்டும் என்று அறிந்த பிள்ளை.

ஒவ்வொரு பகுதிக்கும் பின் அதன் பொருளைக் கேட்கும் வினா வருகிறது. இது வேதாகமத்தின் பழைய முறையே. உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில், கட்டளைகளின் பொருள் என்ன என்று மகன் கேட்கும்போது, தகப்பன் எகிப்தின் விடுதலையைச் சொல்லிப் பதில் தரவேண்டும் என்று காண்கிறோம். பன்னிரண்டு வயதில் இயேசுவும் தேவாலயத்தில் போதகர் நடுவே உட்கார்ந்து கேட்டார், வினாக்களும் எழுப்பினார். ஆகவே கேள்வி கேட்கும் வாலிபன் அவிசுவாசி அல்லன். கேள்விகளை அடக்கிவிட்டு விடைகளை மட்டும் ஒப்பிக்கச் செய்யும் வகுப்பே ஞானோபதேசத்தின் நோக்கத்தைத் தவறவிடுகிறது.

5. ஆமென் என்பதன் விலை

1931-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பெர்லின் மாநகரின் வறிய தொழிலாளர் பகுதியில், சியோன் ஆலயத்தின் திடப்படுத்தல் வகுப்பு இளம் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறக்குறைய 50 சிறுவர்கள், ஒருவருக்கும் அடங்காதவர்கள். போன்ஹோஃபர் அவர்களுடைய தெருக்களுக்கு அருகே அறை எடுத்துத் தங்கினார். மாலையில் அவர்கள் வந்துபோகும்படி கதவைத் திறந்துவைத்தார், வீடுகளைச் சந்தித்தார். வறிய பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் உடைக்கான துணியையும் தாமே வாங்கிக் கொடுத்தார். 1932 மார்ச்சில் அவர்கள் பலிபீடத்தின் முன் நின்றனர். போதிப்பவரின் வாழ்வு பிள்ளைகளின் வாழ்வோடு இணையும்போது ஞானோபதேசம் உயிர்பெறுகிறது.

1938 ஏப்ரல் 9 அன்று பொமெரேனியாவின் ஒரு சிற்றூரில் அவர் மற்றொரு திடப்படுத்தல் ஆராதனையில் பிரசங்கித்தார். நாசி ஆட்சியின் நெருக்கம் சபையைச் சூழ்ந்திருந்த காலம் அது. மாற்கு 9:24-இல் விசுவாசத்தையும் அவிசுவாசத்தையும் ஒருங்கே அறிக்கையிட்டு உதவி கேட்கும் தகப்பனின் கதறலை அவர் எடுத்துக்கொண்டார். விசுவாசம் சேமித்து வைக்கும் பொருளன்று. மன்னாவைப்போல் அன்றன்று பெறவேண்டியது என்று அந்த வாலிபருக்குப் போதித்தார். சரியாக ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1945 ஏப்ரல் 9 அன்று, ஃப்ளாசன்பர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

போருக்குப் பின்னும் சோதனை ஓயவில்லை. கிழக்கு ஜெர்மனியின் அரசு 1954-இல் திடப்படுத்தலுக்குப் போட்டியாக, மதச்சார்பற்ற வாலிபர் விழா ஒன்றை முன்னிறுத்திற்று. அதில் சேர மறுத்த பலருக்கு மேற்படிப்பின் கதவு அடைக்கப்பட்டது. பெரும்பாலானோர் அரசின் விழாவுக்குச் சென்றனர். ஒரு சிறுபான்மையினரோ விலைகொடுத்துத் தங்கள் ஆமெனைக் காத்தனர்.

6. சபையின் கடமை

திடப்படுத்தல் ஆராதனையில் பிள்ளைகள் மட்டும் வாக்குறுதி கொடுப்பதில்லை. அதைக் கேட்டுச் சாட்சிகளாய் நிற்கும் சபையும் ஒரு பொறுப்பை ஏற்கிறது. சபை செய்யக்கூடியவை சில உண்டு.

• ஞானோபதேசத்தைப் பெற்றோர் வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கலாம். தகப்பனும் தாயும் மறந்தவற்றைப் பிள்ளையோடு மீண்டும் கற்பது வெட்கமன்று.

• ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையின் மூத்த விசுவாசி ஒருவர் ஜெபத்துணையாய் நிற்கலாம். வகுப்பு முடிந்தபின் ஓராண்டாவது அத்துணை தொடரட்டும்.

• ஆராதனையில் கொடுக்கப்படும் திடப்படுத்தல் வசனத்தைப் பிள்ளை மறவாதபடி, ஆண்டுதோறும் அந்நாளில் அதை நினைவூட்டலாம்.

• திடப்படுத்தப்பட்டவர்களுக்கு உடனே ஒரு பணி தரலாம்: வேதபாடம் வாசித்தல், ஓய்வுநாள் பள்ளியில் உதவுதல், பணித்தளத்துக்காக ஜெபக்குழு நடத்துதல். சபையில் தனக்கு இடம் உண்டென்று அறிந்தவர் எளிதில் விலகார்.

விலகிப்போனவர்களைக் குறித்தும் நம்பிக்கை உண்டு. அவர்களுடைய ஆமென் தளர்ந்திருக்கலாம். தேவனுடைய ஆம் தளரவில்லை. நற்கிரியையைத் தொடங்கினவர் அதை முடியப்பண்ணுவார் என்று பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதிய நம்பிக்கை அவர்களுக்கும் உரியது. ஆகவே அவர்களைக் கடிந்து தள்ளாமல், தேடிச்சென்று அவர்களுடைய ஞானஸ்நானத்தை நினைப்பூட்டுவதே சபைக்கு ஏற்றது.

சிந்தனைக்கு

1. ஞானஸ்நானத்துக்கும் திடப்படுத்தலுக்கும் உள்ள உறவை வாலிபர் ஒருவருக்கு எவ்வாறு விளக்கலாம்?

2. லோவிசாள், ஐனிக்கேயாள் ஆகியோரின் விசுவாசம் தீமோத்தேயுவின் சொந்த விசுவாசமானது எவ்வாறு? இன்றைய குடும்பங்களில் இதற்குத் தடையாய் இருப்பவை எவை?

3. கடந்த மூன்று ஆண்டுகளில் திடப்படுத்தப்பட்டவர்களில் இன்று ஆலயத்துக்கு வராதவர் யார்? அவர்களைச் சந்திக்கச் செல்பவர் யார்?

ஜெபம்

பரம பிதாவே, பேசத் தெரியுமுன்னே எங்கள் பிள்ளைகளை உம்முடையவர்கள் என்று அழைத்தீர். அவர்கள் உரைக்கும் ஆமெனை உமது ஆவியினால் நாள்தோறும் புதுப்பித்தருளும். கற்பிக்கிறவர்களுக்குப் பொறுமையையும், பெற்றோருக்கு விசுவாசத்தையும், சபைக்குத் திறந்த கதவையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.